டிரில், டார்ச், டென்ட்: ஆன்லைனில் மலிவாக வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு ஒரு டிரில், மலையேற ஒரு டார்ச், பிள்ளைகளோடு ஏற்காடு போக ஒரு டென்ட். வாங்குவதற்கு முன்னால் லிங்கை அனுப்பி "இது ஓகேவா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பொருள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

80 சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருக்கே, நிஜமாவே அவ்ளோ லாபமா?

தள்ளுபடியை எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்று பாருங்கள். கோடு போட்டு அடித்திருக்கும் விலை பெரும்பாலும் எம்ஆர்பி. அச்சடித்த எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஒரு டார்ச்சின் எம்ஆர்பி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரோ இறக்குமதி செய்பவரோதான் முடிவு செய்கிறார். 600 ரூபாய்க்கு விற்க நினைத்த டார்ச்சின் பெட்டியில் 2,999 என்று அச்சடித்துவிட்டால் வருடம் முழுக்க அது 80 சதவீதத் தள்ளுபடியில்தான் இருக்கும்.

ஸ்பேனர், கட்டிங் பிளேயர் போன்ற கைக்கருவிகளில் தெருமுனை ஹார்ட்வேர் கடைக்காரரே எம்ஆர்பியில் கணிசமாகக் கழித்துத்தான் பில் போடுவார். அதனால் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். இந்தப் பொருள் சாதாரண நாளில் என்ன விலைக்குப் போகிறது என்ற ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்தச் சாதாரண நாள் விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கீபா என்று ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அமேசான் இந்தியாவில் இருக்கும் பொருளின் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும். பல தளங்களுக்கும் சேர்த்துப் பார்க்க பைஹட்கே இருக்கிறது. கடந்த மூன்று, நான்கு மாதத்தில் விலை எங்கே நிலையாக நின்றது என்று பாருங்கள். ஒருநாள் மட்டும் பாதாளத்துக்குப் போய் வந்த விலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது திரும்ப வரும் என்று காத்திருந்தால் சுவரில் ஆணி அடிக்க ஆளே இருக்காது.

தேடும்போது பொருளின் பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணை அப்படியே போட்டுத் தேடுங்கள். ஒரே டிரில் வெறும் மெஷினாக ஒரு விலையிலும், பெட்டியோடும் துளையிடும் பிட்டுகளோடும் வேறு விலையிலும் ஏழெட்டுப் பக்கங்களில் கிடக்கும். கடைசியாக ஒரு வேலை, பலர் செய்யாதது: உள்ளூர் கடைக்கு போன் போட்டு விலை கேளுங்கள். சென்னைக்காரர்கள் என்றால் பாரிமுனைப் பக்கம் இருக்கும் ஹார்ட்வேர் தெருக்களில் ஒரு விசாரிப்பு. ஆன்லைனைவிட ஐம்பது, நூறு மட்டும் கூடுதல் என்றால் கடையிலேயே வாங்கிவிடுவேன். பழுதானால் எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு வாசல் இருக்கும்.

எந்த மாசம் வாங்கினா மலிவு?

குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில் ஒன்று, பெரும்பாலும் ஜூலையில் அமேசானின் பிரைம் டே, சுதந்திர தினத்தை ஒட்டி ஒன்று, தீபாவளிக்கு முன்னால் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல், பிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸ். பெரிய விற்பனைகள் இவைதான். இந்த நாட்களில் டூல்ஸ் விலை குறைவதைவிட குறிப்பிட்ட வங்கி கார்டுக்குத் தரும் கூடுதல் கழிவில்தான் பெரும்பாலும் லாபம். அதற்கு உச்சவரம்பு உண்டு, குறைந்தபட்சத் தொகையும் உண்டு. சிறு எழுத்தைப் படித்துவிடுங்கள். விற்பனைக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றிவிட்டு அன்றைக்கு இறக்குகிற கூத்தும் நடக்கும், கீபா வரைபடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

நோ காஸ்ட் இஎம்ஐயில வாங்கினா நட்டம் ஒண்ணும் இல்லையே?

கொஞ்சம் உண்டு. வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் கழித்துவிடுவார், வங்கி வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலும் ஒரு பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். இரண்டாயிரம் ரூபாய் டிரில்லுக்கு இது தேவையில்லாத வேலை.

4.5 ஸ்டார், ஆயிரக்கணக்குல ரிவ்யூ. இதுக்கு மேல என்ன வேணும்?

அந்த ரிவ்யூக்கள் இந்தப் பொருளுக்குத்தான் எழுதப்பட்டவையா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் பல வகைகளைச் சேர்த்துவிடலாம் என்பதால், டார்ச் பக்கத்தில் பழைய ரிவ்யூக்கள் மொபைல் கவரைப் பாராட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. நான் முதலில் படிப்பது இரண்டு, மூன்று நட்சத்திர ரிவ்யூக்களை. ஐந்து கொடுப்பவர் பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் எழுதுகிறார். ஒன்று கொடுப்பவருக்குப் பல நேரம் கூரியர்காரர் மேல் கோபம். நடுவில் இருப்பவர்தான் "ஆறு மாதம் ஓடியது, அப்புறம் சக் ஆடுகிறது" என்று எழுதுவார் (சக் என்பது டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்). வாங்கியவர்கள் எடுத்த படங்களையும் பாருங்கள், அளவு அதில்தான் புரியும்.

ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022-இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நம்பும் நிலை இன்னும் வரவில்லை.

499 ரூபாய்க்கு 10,000 லூமன் டார்ச். வாங்கலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பு ஏறத்தாழ 900 லூமன் தரும். 10,000 லூமன் என்றால் அப்படிப்பட்ட 11 பல்புகள். வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தால் 100 வாட் மின்சாரம் வேண்டும். அந்த டார்ச்சுக்குள் இருப்பது ஒரே ஒரு லித்தியம் செல். நல்ல செல்லே சேமித்து வைப்பது சுமார் 12 வாட்-மணிதான். அது நூறு வாட் கொடுத்தாலும் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தச் சூட்டில் டார்ச்சைக் கையில் பிடிக்கவும் முடியாது. உண்மையிலேயே அவ்வளவு வெளிச்சம் தரும் டார்ச்சுகள் இருக்கின்றன. பல செல்கள் போட்ட கனமான பொருள், விலை பல ஆயிரம், அவையும் உச்ச வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுத் தாமாகவே குறைத்துக்கொள்ளும்.

நம்பக்கூடிய எண் எது என்றால், ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரநிலைப்படி அளந்தோம் என்று பெட்டியில் போட்டிருப்பது. அதில் லூமனை ஸ்விட்ச் போட்ட கணத்தில் அளக்க மாட்டார்கள், 30 விநாடிக்குப் பிறகுதான் அளப்பார்கள். எத்தனை மீட்டர் தூரம் என்றால், வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலவு அளவுக்கு, மங்கும் இடம்வரை. எத்தனை மணி நேரம் என்றால் வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகும்வரை. "200 மீட்டர்" என்று போட்டிருந்தால் 200 மீட்டரில் ஆள் முகம் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பாதித் தூரத்துக்குள் இருப்பதுதான் உங்களுக்கு உருப்படியாகத் தெரியும்.

சரி, வெள்ளியங்கிரி ஏற எவ்ளோ லூமன் போதும்?

200 முதல் 300 போதும், அது நிஜ லூமனாக இருந்தால். ராத்திரியில் ஏறுகிறவர்களுக்குத் தேவை காலடியில் பத்து, பதினைந்து அடி தூரம் படிக்கட்டும் பாறையும் தெரிவது. எதிர்மலையில் வெளிச்சம் அடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு கையில் மூங்கில் கம்பு இருக்கும் என்பதால் கை டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் சௌகரியம். ஏறி இறங்கப் பல மணி நேரம் ஆகும், அதனால் குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே டார்ச்சில் 2,000 ரூபாயைப் போடுவதற்குப் பதில் தலா 1,000 ரூபாயில் இரண்டு வாங்கலாம். ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்கும்.

18650 செல் 9,900 எம்ஏஎச், ரெண்டு 250 ரூபாய். சும்மா கிடைக்கிற மாதிரி இருக்கே?

தொடாதீர்கள். 18650 என்பது அளவைக் குறிக்கும் எண்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். எம்ஏஎச் என்பது செல்லின் கொள்ளளவு. அந்த அளவுக்குள் பெரிய கம்பெனிகளாலேயே சுமார் 3,500 எம்ஏஎச் அடைக்கத்தான் முடிந்திருக்கிறது. அடுத்த பெரிய அளவான 21700-இல் 5,000 என்பது வழக்கமான உயர்ந்த கொள்ளளவு. 9,900 என்று ஒட்டியிருப்பதற்குள் 1,000 இருந்தாலே அதிர்ஷ்டம். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்துப் புதுத் தோல் போர்த்தியதாகவும் இருக்கலாம். தராசு இருந்தால் எடை போடுங்கள். நல்ல 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். முப்பதுக்குக் கீழே என்றால் உள்ளே காற்றுதான் அதிகம்.

இங்கே நான் பேரமே பேச மாட்டேன். லித்தியம் செல் கெட்டுப்போனால் அணைந்துபோவதோடு முடியாது, தீப்பிடிக்கும். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். இன்னொரு சிக்கல், பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், சில டார்ச்சுக்குள் நுழையாது. செல்லே தொல்லை என்று தோன்றினால் யுஎஸ்பியில் நேராகச் சார்ஜ் ஆகும் நல்ல டார்ச்சாக வாங்கிவிடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்தா மழையில கொண்டு போகலாம்தானே?

வெறும் வார்த்தைக்கு அர்த்தம் இல்லை, நீர் தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், மழைக்கு அது போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எண்ணே போடாதவர் சோதித்திருக்க மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

48 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் 1,999. போஷ் 18 வோல்ட் அதைவிட எத்தனையோ மடங்கு விலை. பிராண்டுக்காகவா இவ்ளோ காசு?

10,000 லூமன் கதையேதான், இங்கே வோல்ட் வேஷத்தில் வருகிறது. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்து செல் வரிசையாக இருந்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் அதையே சில கம்பெனிகள் "20 வோல்ட் மேக்ஸ்" என்று விற்கின்றன. இரண்டும் ஒன்றுதான், 20 என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 10.8-ம் 12 வோல்ட் மேக்ஸும் அதேபோல ஒன்றுதான். நிஜ 48 வோல்ட்டுக்கு 13 செல் வரிசையாக வேண்டும். அந்த 1,999 பேட்டரியின் பருமனைப் பார்த்தாலே அத்தனை செல் உள்ளே இடம்பிடிக்காது என்று தெரிந்துவிடும். வோல்ட்டுக்குப் பக்கத்தில் புரியாத எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால் அது அளவே இல்லை, மாடல் பெயர் என்று சொல்லித் தப்பிப்பதற்கான வழி.

ஆனாலும் ஒன்று. ஸ்க்ரூ முடுக்க, கதவுக் கீல் மாற்ற, வருடத்துக்கு நாலு தடவை எடுப்பேன் என்றால் விலை குறைந்த கார்ட்லெஸ்ஸே போதும். அதை 48 வோல்ட் என்று நம்பி கான்கிரீட்டில் வைக்கும்போதுதான் பிரச்சினை.

வீட்டுச் சுவத்துல துளை போட எது வாங்கணும்? 100 பீஸ் கிட் நல்லதா?

செங்கல் சுவரில் படம் மாட்ட, திரைச்சீலைக் கம்பி வைக்க, 500 வாட் சுற்றளவில் வயரோடு வரும் இம்பாக்ட் டிரில் தாராளம். பீம், லிண்டல், மேல் தளம் என்று கான்கிரீட்டில் போக வேண்டும் என்றால் பலமாக அடித்துக்கொண்டே துளையிடும் ரோட்டரி ஹேமர் (எஸ்டிஎஸ் பிளஸ் என்ற வகை பிட் போடுவது) வேண்டும். இம்பாக்ட் டிரில்லை வைத்து அழுத்திக்கொண்டே நின்றால் பிட்டும் போகும், தோளும் போகும். இரண்டு துளைக்காக ஹேமர் வாங்க வேண்டாம். பல ஊர்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

100 பீஸ் கிட்டில் எண்ணிக்கையைக் கூட்டுவது பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும்தான். மெஷினை மட்டும் வாங்கி, 6, 8, 10 மில்லிமீட்டரில் சுவருக்கான நல்ல மேசன்ரி பிட் மூன்று தனியாக வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் கிட்டைவிடக் குறைவாகவே முடியும்.

ஒரே டூல் பாதி விலைக்குக் காட்டுது. என்ன தில்லுமுல்லு?

தில்லுமுல்லு இல்லை, அது பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் மெஷின். தலைப்பில் "பேர் டூல்", "சோலோ", "பாடி ஒன்லி" என்று எங்காவது எழுதியிருக்கும். அதே கம்பெனியின், அதே வரிசையின் பேட்டரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இதுதான் இருப்பதிலேயே நல்ல பேரம். இல்லையென்றால் பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்கும்போது முழு செட்டைவிடக் கூடப் போய்விடும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராது. அதனால் முதல் கார்ட்லெஸ் டூல் வாங்குவது சம்பந்தம் பேசுகிற மாதிரி, குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வரிசையில் கிரைண்டர், ஜிக்சா கிடைக்குமா, மூன்று வருடம் கழித்து பேட்டரி கிடைக்குமா, ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டபாரியா, போஷ் எல்லாத்துலயும் டூப்ளிகேட் வருதாமே?

வருகிறது. பொருளின் பக்கத்தில் "விற்பவர்" யார் என்று பாருங்கள். நீங்கள் வாங்குவது தளத்திடமிருந்து இல்லை, அவரிடமிருந்து. மற்ற எல்லா விற்பனையாளரும் ஏறக்குறைய ஒரே விலை சொல்லும்போது ஒருவர் மட்டும் நாற்பது சதவீதம் குறைவாகச் சொன்னால் எனக்கு அது சலுகையாகத் தெரியாது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருந்தால் ஒப்பிடுங்கள். வந்ததும் சீரியல் எண்ணை வாரண்டிக்குப் பதிவு செய்துவிடுங்கள். எண் ஏற்காவிட்டால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக்ல "0 டிகிரி"ன்னு இருக்கு. டிசம்பர் ஊட்டிக்குச் சரியா?

எந்த 0 என்பதில்தான் விஷயம். ஐஎஸ்ஓ 23537 தரநிலையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று தனித்தனி வெப்பநிலைகள் உண்டு. கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்குவதற்கான அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கானது இல்லை. மலிவானவற்றில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் அந்த எண்ணைத்தான், சிலவற்றில் சோதனையே இல்லாத எண்ணை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் உறைநிலையைத் தொடும், அதனால் கம்ஃபர்ட் எண்ணே 0 அல்லது 5-க்குள் இருக்கட்டும். டென்ட்டில் "3 பேர்" என்றால் மூட்டை இல்லாமல் மூன்று பேர் மத்தி மீன்போல் படுக்கலாம் என்று பொருள். ஒரு எண் கூட்டியே வாங்குங்கள். மழைத் தாங்கலுக்கு வாட்டர் காலம் (water column, துணி எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு) எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறதா, தையல்களில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மலையேறும் ஷூவை மட்டும் கடைக்குப் போய், கனமான சாக்ஸ் போட்டுக்கொண்டு, நடந்து பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டு சைட்ல கான்வாய், சோஃபிர்ன் டார்ச் ரொம்ப மலிவா இருக்காமே?

காசுக்கு நல்ல டார்ச்சுகள்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் இவை விற்கும் சீனத் தளமான அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்துவிட்டது. வேறு வழியில் வரவழைத்தால் சுங்க வரி, அதன்மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி, கூரியர் கம்பெனியின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லித்தியம் செல்லை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பல நேரம் செல் இல்லாமல்தான் வரும். உள்ளூரில் சற்றுக் கூடுதலாகக் கேட்பவரிடமே வாங்குவது, திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் நல்லது.

இன்ஸ்டாகிராம்ல டிவால்ட் முழு செட் 999-ன்னு விளம்பரம் வந்துச்சே?

மோசடி. பெரிய விற்பனை நாட்களில் பிரபலத் தளங்கள் போலவே தோற்றமளிக்கும் பக்கங்கள் முளைக்கும். முகவரிப் பட்டையில் எழுத்து ஒன்று மாறியிருக்கும், யுபிஐயில் மட்டும் முன்பணம் கேட்கும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும்.

சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ஆன்லைன்ல வாங்கறதுல எனக்குத் தனியா ஏதாவது லாபம் உண்டா?

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள். டிரில், கிரைண்டருக்கு 18 சதவீதம். 5,900 ரூபாய் மெஷினில் 900 வரி, அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில், கழித்துக்கொண்டால் உங்களுக்கு அடக்கம் 5,000. பில் இல்லாமல் 5,400-க்குத் தருகிறேன் என்பவர் உங்களுக்கு மலிவு இல்லை. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதனால் இந்தக் கணக்கு பொருந்தாது. பில்லை ஆர்டர் போடும்போதே சரியாக எடுங்கள், பிறகு மாற்றித் தரச் சொல்லி அலைவது வேண்டாத வேலை.

பெட்டியில பழைய டிரில் வந்திருக்கு, திருப்பி எடுக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்ண?

பெட்டியைப் பிரிக்கும்போதே, முகவரிச் சீட்டு தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோ எடுத்து வையுங்கள். டெலிவரிக்காரர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் ஓபன் பாக்ஸ் டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வாங்குவதற்கு முன்பே "ரிட்டர்ன்" என்று இருக்கிறதா, "ரீபிளேஸ்மென்ட்" மட்டுமா என்று பார்ப்பது முக்கியம். இரண்டாவதில் பணம் பெரும்பாலும் திரும்பாது, வேறு பீஸ்தான் வரும்.

மறுத்தால் சாட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

ரோட்டரி ஹேமர் 199 ரூபாய்னு காட்டுது. தப்பா போட்டிருக்காங்க போல. ஆர்டர் போட்டுடட்டுமா?

போடலாம், சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ரத்தாகும், பணம் சில நாளில் திரும்பும். சில நேரம் பொருளும் வரும்: ஹேமருக்கான ஒரு பிட்டோ, கார்பன் பிரஷ் ஜோடியோ. தலைப்பை முழுசாக விரித்துப் படித்தால் கடைசி வார்த்தையில் அது எழுதியிருக்கும். விற்பவரின் பெயரே புதிதாக இருந்து, பணத்தை வேறு லிங்கில் கட்டச் சொன்னால் இன்ஸ்டாகிராம் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.